பாக்கிக் கூலி: நம் தெரு முதியவர்களின் மருந்தும் ஓய்வூதியமும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் முன்பு பேசியவர்கள் எழுத்தாளர்கள், பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள். நான் கிராம சுகாதார செவிலியர். 1986-இல் வேலைக்குச் சேர்ந்தேன். 2018-இல் ஓய்வு பெற்றேன். முப்பத்திரண்டு வருடமும் கீழத்தஞ்சை ஊர்களில்தான் வேலை. இலக்கிய மன்றத்தில் நான் என்ன பேசுவது என்று, அழைக்க வந்த தோழர்களிடம் கேட்டேன். "வாத்தியார் நோட்டைப் பத்திப் பேசுங்கக்கா" என்றார்கள்.

வாத்தியாரின் கவிதைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். நோட்டை எல்லாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நீளமான கணக்கு நோட்டு. பக்கத்துக்கு ஐந்து கட்டம் போட்டிருப்பார்: பெயர், மனு கொடுத்த தேதி, ரசீது எண், வந்த பதில், அடுத்து யாரைப் பார்ப்பது. தெருவில் அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படிப்பகத்துத் திண்ணையில் உட்கார்ந்து அதை உரக்கப் படிப்பார். எந்த மனு எங்கே தூங்குகிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

அந்த நோட்டில் என் சின்னம்மா பெயரும் இருக்கிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இன்று பேசப்போகிறேன்.

கட்டம் இல்லாத பதிவேடு

முதலில் என் மேல் உள்ள குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

செவிலியர் பையில் என்னென்ன பதிவேடு இருக்கும் என்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்காது. கர்ப்பிணிப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, பிறப்பு இறப்பு விவரம், தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. தகுதியுள்ள தம்பதியர் என்றால் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். அந்த வயது தாண்டிவிட்டால் ஒரு பெண் எங்கள் கணக்கைவிட்டு வெளியே போய்விடுவாள். அதற்குப் பிறகு அவள் பெயரை நாங்கள் எழுதுவது அவள் இறந்த பிறகுதான்.

வீட்டுத் திண்ணையில் கிழவி உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டி உள்ளே போய் மருமகளுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பேன், பேத்தியை எடை போடுவேன். ஒருநாள் ஓர் ஆயா கேட்டார்: "நர்சம்மா, எம் பேர எதுலயாச்சும் எழுதிக்கிட்டியா?" நான் சிரித்துக்கொண்டே, "ஒனக்கு எதுக்கு ஆயா, நீ நல்லாத்தானே இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அவர் நல்லா இருக்கிறாரா என்று நான் பார்க்கவே இல்லை.

தாய் சேய் நலத்தில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் நல்ல பெயரில் எங்களைப் போன்ற செவிலியர்களின் உழைப்பும் இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் யாரைக் கணக்கில் எழுதுகிறோமோ அவர்களுக்குத்தான் மருந்து போய்ச் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாடு முழுவதும் அது 8.6 விழுக்காடு. அந்தப் பத்துப் பேருக்கு என் பையில் ஒரு பக்கம்கூட இல்லை.

அதனால் என்ன தெரியாமல் போயிற்று? முப்பது, நாற்பது வருடம் சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண்களின் உடம்பு தெரியாமல் போயிற்று. இடுப்பு வலி, முழங்கால் தேய்வு, கண்புரை இவற்றையாவது வாய்விட்டுச் சொல்வார்கள். கர்ப்பப்பை இறக்கத்தைச் சொல்ல மாட்டார்கள். பிள்ளை பெற்ற உடம்பு ஆறும் முன்பே வயலில் இறங்கியவர்கள் அவர்கள். துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு பதினைந்து, இருபது வருடம் நடவுக்குப் போன பெண்கள் என் பகுதியில் இருந்தார்கள். என்னிடம் கு.க. செய்துகொள்ள வந்தவர்கள்தான். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அரை மாத்திரை

2018-இல் ஓய்வு பெற்றதும் சின்னம்மா வீட்டில் பத்து நாள் தங்கலாம் என்று போனேன். என் அம்மாவின் தங்கை. சித்தப்பா செத்துப் பல வருடம் ஆகிறது. ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல். அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

விடியற்காலையில் சின்னம்மா பிரஷர் மாத்திரையை அரிவாள்மணையில் வைத்து இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். பாதியை வாயில் போட்டுக்கொண்டு பாதியைத் தாளில் மடித்து வைத்தார். "என்ன சின்னம்மா இது, ஆஸ்பத்திரியில சும்மாதானே குடுக்குறாங்க?" என்றேன். அதற்கு அவர் சொன்னது: "மாத்தர சும்மாதான் பாப்பா. நாளு சும்மா இல்லையே."

மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் பிரதான சாலை வரை நடந்து, பேருந்து பிடித்து, சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்கு நூறு நாள் வேலையில் காலையில் பேர் கொடுக்க முடியாது. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. அதனால் ஒரு மாதத்து மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி அனுப்புகிறது. வெளிமாநிலத்தார் வந்து பார்த்துப் போகும் ஏற்பாடு அது. 2009-இல் காப்பீட்டுத் திட்டம் வந்தது. பெரிய அறுவைச் சிகிச்சைக்கும் இன்று ஏழைக்கு வழி இருக்கிறது. ஆனால் எந்தத் திட்டமும் சின்னம்மாவுக்கு அந்த ஒரு நாள் கூலியைக் கொடுக்கவில்லை. மருத்துவமனை எத்தனை மைலில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம். அது எத்தனை ரூபாய் கூலிக்கு அப்பால் இருக்கிறது என்றும் கணக்குப் போட வேண்டும்.

"எழுபது வயசுக்கு மேல எதுக்கு நூறு நாள் வேலைக்குப் போறே? ஓஏபி வருதே" என்றேன். சின்னம்மா பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார்: பணம் நின்று பதினான்கு மாதம் ஆகிறது. மறு ஆய்வுக்கு வந்தவர்கள் "மகன் இருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். சின்னம்மா "இருக்கான்" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

அன்று இரவு நான் கோபத்தில், "அவன் ஒண்ணும் அனுப்புறதில்லன்னு சொல்ல வேண்டியதுதானே? யாருமில்லன்னு சொல்லியிருந்தா நிக்காதுல்ல?" என்று கேட்டேன். சின்னம்மா சொன்னார்: "பெத்த புள்ள உசுரோட இருக்கையில யாருமில்லன்னு எந்த வாயால சொல்றது?"

ஒரு தாய் தன் வாயாலேயே பிள்ளையை இல்லை என்று சொன்னால்தான் மாதப் பணம் என்றால், அந்தக் கேள்வியில் என்னவோ கோணல் இருக்கிறது. அந்தக் கோணலைத்தான் வாத்தியார் பிடித்துக்கொண்டார்.

இருபது ரூபாயிலிருந்து

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-இல் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். மத்திய அரசு தேசிய சமூக உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது 1995 ஆகஸ்டு 15-இல்தான். அந்த வகையில் தமிழ்நாடு முப்பத்து மூன்று வருடம் முந்தியது. 2011-இல் தமிழக அரசு தொகையை 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கியது. 2023-இல் 1,200 ஆக்கியது. ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். இதில் அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை உள்ள வறுமைக்கோட்டுப் பட்டியல்காரர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-இல் அது இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று பெயர் மாறியபோதும் 200 தான். பெயர் வைத்து இத்தனை வருடம் ஆகியும் அது 200 தான். நாளைக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. எண்பது வயதைத் தாண்டினால் 500.

ஒன்றைக் கவனியுங்கள். அரசு ஆணையில் திட்டத்தின் பெயர் ஓய்வூதியம். அலுவலகத்தில் எல்லாரும் சொல்வது உதவித்தொகை. எங்கள் பக்கத்து ஊர்களில் அதற்கு இன்னொரு பெயர் உண்டு: அநாதைப் பணம். "அநாதப் பணம் வந்துடுச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். தாளில் இருக்கும் ஓய்வூதியம், தாலுகா ஆபீஸ் படியில் உதவியாகி, தெருவுக்கு வரும்போது அநாதைப் பணமாகிவிடுகிறது.

நான் அரசு ஊழியராக இருந்தவள். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறவள். மாதா மாதம் என் கணக்கில் ஓய்வூதியம் விழுகிறது. வருடத்துக்கு ஒருமுறை நான் உயிரோடு இருப்பதைக் காட்டினால் போதும். மகன் இருக்கிறானா, அவன் என்ன சம்பாதிக்கிறான், வீட்டில் மின்விசிறி ஓடுகிறதா என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சண்டை போட்டிருப்பேன். முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன், அதற்கு வருகிற பணம் என்று சொல்லியிருப்பேன்.

சின்னம்மா எத்தனை வருடம் வேலை பார்த்தார்? பன்னிரண்டு வயதில் நாற்றங்காலில் இறங்கியவர். எழுபது வரைக்கும் ஓயவில்லை. ஐம்பத்தெட்டு வருடம். நான் தடுப்பூசி போட்டது ஐந்தாறு ஊர்ப் பிள்ளைகளுக்கு. அவர் நட்ட நெல்லைத் தின்றது எத்தனை ஊர் என்று யார் கணக்கு வைத்தார்கள்?

யார் யாருக்குக் கடன்பட்டவர்

கீழத்தஞ்சையின் கதை இங்கே பலருக்குத் தெரியும். பண்ணையாள் என்றால் ஒரு குடும்பமே ஒரு பண்ணைக்கு. 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் கூலியை உயர்த்திக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்குக் கீழவெண்மணி சாட்சி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. அதன் பிறகுதான் 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

அன்றைக்கு இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கிறார்கள். கொடி பிடித்தவர்கள், சிறைக்குப் போனவர்கள், இரவெல்லாம் வயல்வரப்பில் ஒளிந்து கிடந்தவர்கள் இன்று இ-சேவை மைய வாசலில் ஆதார் அட்டையைப் பாலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை. அரைப்படி கூலியையே கொடுக்க மனமில்லாதவர்கள் முதுமைக்கு என்று எதைப் பிடித்து வைத்தார்கள்? அந்த ஐம்பது வருடக் கூலியில் கொடுக்காமல் விட்டது எங்கே போயிற்று? நிலமாக, மெத்தை வீடாக, பிள்ளைகளின் படிப்பாக வேறு தெருவில் நிற்கிறது.

அதனால்தான் வாத்தியார் அந்தப் பணத்தை உதவி என்று சொல்ல விடமாட்டார். "பாக்கிக் கூலி" என்பார். சின்னம்மாவுக்கு அவர் எழுதிய மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. விதி கேட்கும் விவரம் எல்லாம் அதில் உண்டு. பொய் ஒன்றும் இல்லை. மகன் இல்லை என்று எழுதவில்லை. மகன் இருக்கிறான், மூன்று பிள்ளைகளுடன் வாடகை வீட்டில் இருக்கிறான், தாயைக் காப்பாற்றும் நிலையில் அவன் இல்லை என்று எழுதினார். ஆனால் முதல் வரியில் ஏழை என்றோ அநாதை என்றோ எழுதாமல், ஐம்பத்தெட்டு ஆண்டுகள் விவசாயக் கூலி வேலை செய்தவர் என்று எழுதினார். படித்துக் காட்டியபோது சின்னம்மா, "இது எழுதலாம், இது நெசந்தானே" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்.

வயதுக்கு என்ன அத்தாட்சி என்ற பிரச்சினையும் வந்தது. சின்னம்மாவின் ஆதாரில் பிறந்த நாள் சனவரி 1. நம் தெருவில் பாதிப் பேருக்குச் சனவரி 1 தான். யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்துப் போட்ட வருடம். "எப்பப் பொறந்தீங்க" என்று கேட்டால், "வெண்மணி எரிஞ்சப்ப எனக்குக் கல்யாணமாயி ரெண்டு வருசம், எழுபத்தேழு புயலுல மவன் கைப்புள்ள" என்பார். 1968-உம் 1977 நவம்பர் நாகைப் புயலும் யாரும் மறுக்க முடியாத தேதிகள். இருந்தாலும் அது தாளில் இல்லையே என்பார்கள். வாத்தியார் அதையும் மனுவோடு எழுதி, அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கி இணைத்தார்.

அறுபது என்ற கணக்கு

அறுபது வயது எல்லாருக்கும் பொதுவான விதி என்று சொல்வார்கள். அந்த அறுபதுக்கு எல்லாரும் ஒரே உடம்போடு போய்ச் சேர்வதில்லை. சங்கீதா வியாஸ், பாயல் ஹாதி, ஆஷிஷ் குப்தா ஆகிய ஆய்வாளர்கள் 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்பது மாநிலங்களின் புள்ளிவிவரம். தமிழ்நாடு அதில் இல்லை. அந்த மாநிலங்களில் தலித் மக்களின் சராசரி ஆயுள் உயர்சாதி இந்துக்களின் ஆயுளைவிட மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு. பழங்குடி மக்களுக்கு நான்கு ஆண்டுக்கு மேல் குறைவு. இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவான பங்குதான் பொருளாதார வேறுபாட்டால் வருகிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

"ஏழை என்பதால்தான்" என்ற விளக்கம் போதாது என்று இதற்குப் பொருள். பணத்தைத் தவிர வேறொன்றும் ஆயுளைக் குறைக்கிறது. அது எதுவென்று நம் கிழவர்களைக் கேட்டால் தெரியும். மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியவரிடம் "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று நாம் கேட்போம். அவர்கள் முதலில் சொல்வது, "தொட்டுப் பாத்தாரு" அல்லது "தொட்டே பாக்கல." தொடாத மருத்துவரெல்லாம் சாதி பார்த்தவர் என்று நான் சொல்லவில்லை. கூட்டம் அப்படி, நேரம் அப்படி. ஆனால் தொடாமல் விடப்பட்ட தலைமுறைக்கு ஒவ்வொரு தடவையும் அந்தச் சந்தேகம் வரும். அடுத்த தடவை போகாமல் இருக்க அதுவே போதும்.

அண்ணல் அம்பேத்கர் தீண்டாமை அனுபவங்களை எழுதி வைத்த சிறு நூலில் கத்தியவார் பகுதியின் ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறார். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்த கடிதம் அது. பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியவில்லை. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். கெஞ்சிக் கூத்தாடி, அவளைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாகச் சம்மதிக்கிறார். வெப்பமானியை மருத்துவர் ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவனிடம் கொடுக்கிறார். கணவன் மனைவிக்கு வைக்கிறான். அதே வழியில் அது திரும்பி வருகிறது. மருத்துவர் நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போகிறார். மறுபடி வரவில்லை. அவள் இறந்துபோகிறாள். அன்று மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார். இடையில் ஒரு கை மட்டும் நீளவில்லை.

நீண்ட கை, தேய்ந்த விரல்

2019 தை அறுவடை சமயத்தில் சின்னம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அரசு மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருந்தோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அரை மாத்திரையால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. செவிலியராக என் மனதுக்குத் தெரியும்.

நின்ற பணம் மறுபடி வந்தது அந்த வருடம் ஆடியில். வாத்தியார் மூன்று திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போயிருந்தார். ஏன் நிறுத்தினீர்கள், எந்த ஆணையால், யார் விசாரித்தார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டிருந்தார். பணம் வந்த பிறகும் ஒரு தடை. வங்கி முகவர் கொண்டுவரும் கருவியில் விரல் வைத்தால்தான் பணம். களை பறித்து, கதிர் அறுத்து, சாணி தட்டித் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? சின்னம்மா விரலைத் தலையில் தேய்த்து, எண்ணெய் பூசி, முந்தானையில் துடைத்துத் திரும்பத் திரும்ப வைப்பார். எந்த வேலையால் அவருக்கு அந்தப் பணம் சேர வேண்டுமோ, அந்த வேலைதான் அவர் ரேகையை அழித்திருந்தது.

2021-இல் இரண்டு விஷயம் நடந்தது. மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சில மாதத்தில் எங்கள் பக்கமும் வந்தது. ஒரு பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து, சின்னம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். இயன்முறை சிகிச்சையாளரும் வந்து விழுந்த கையை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்தார். சின்னம்மா என்னிடம் போனில் சொன்னது மாத்திரையைப் பற்றி இல்லை. "பாப்பா, அந்தப் புள்ள என் கையைப் புடிச்சிக்கிட்டே இருந்துச்சு" என்றார். முப்பத்திரண்டு வருடம் நான் எத்தனை திண்ணையைத் தாண்டிப் போனேன் என்று அன்று இரவு எண்ணிப் பார்த்தேன்.

சின்னம்மா 2022-இல் வீட்டிலேயே இறந்தார். கடைசி வரை முழு மாத்திரைதான் சாப்பிட்டார்.

அரசு நினைத்தால் வாசலுக்கு வர முடியும் என்பதை இந்தத் திட்டம் காட்டியது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்கள் வீட்டுக்கே ரேஷன் பொருளும் வரத் தொடங்கியது. மாத்திரை வருகிறது, அரிசி வருகிறது. அப்படியானால் ஓய்வூதிய மனு மட்டும் ஏன் கிழவியைத் தாலுகா ஆபீசுக்கு இழுக்க வேண்டும்? முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெருமை உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராசன். 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. கிண்டிக்கு வர முடிந்தவர்கள் வரட்டும். வர முடியாதவர்களின் முழங்காலையும் கண்ணையும் வெளியே சொல்லாத கர்ப்பப்பை இறக்கத்தையும் அந்தத் தன்னார்வலரின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் கட்டம் வந்துவிட்டது. மற்றவற்றுக்கும் வர வேண்டும்.

நோட்டை யார் எழுதுவது

மாணவர்களிடம் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

உங்கள் தெருவில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று இந்த மாதமே எண்ணுங்கள். யாருக்குப் பணம் வருகிறது, யாருக்கு நின்றது, யார் கேட்கவே இல்லை என்று மூன்றாகப் பிரியுங்கள். கேட்காதவர்களை முதலில் பாருங்கள். அவர்கள் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருப்பார்கள். மனு கொடுத்தால் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். தள்ளுபடி என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கோட்டாட்சியர், ஆட்சியர் வரை மனுவைக் கொண்டு போங்கள். கிராம சபையில் ஓய்வூதியப் பட்டியலை, நிறுத்தப்பட்டவர்கள் பெயரோடு, படிக்கச் சொல்லுங்கள். யாரையும் "அநாதை" என்று எழுத விடாதீர்கள். எத்தனை வருடம் உழைத்தார் என்று எழுதுங்கள்.

மருத்துவமனைக்கு ஒரு முதியவரோடு ஒருநாள் கூடப் போய் வாருங்கள். மருத்துவரிடம் பேசுவதற்கு மட்டுமில்லை. கழிப்பறைக்குக் கை பிடித்துக் கூட்டிப் போவதற்கும், மாத்திரையில் எது காலை எது ராத்திரி என்று தாளில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பதற்கும். திரும்பி வரும் வழியில் அவர் கதையைக் கேளுங்கள். இது இலக்கிய மன்றம். வெண்மணிக் காலத்தைத் தன் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் அவர்கள் இன்னும் சில வருடம் இருப்பார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

வாத்தியார் இறந்த பிறகு நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. இப்போது அதை எழுதுவது பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். கட்டம் ஐந்தாக இருந்தது. அவள் ஆறாவதாக ஒன்று போட்டிருக்கிறாள்: "கடைசியாக யார், எப்போது தொட்டுப் பார்த்தார்கள்?" அந்தக் கட்டத்தை நான் என் பதிவேட்டில் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. நீங்கள் போடுங்கள்.